கிளாலிக் கடலில் பாய் இழுத்து ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, பூநகரியின் சங்குப்பிட்டியிலிருந்து குடாநாட்டுக் கரையில் உள்ள கிளாலிக்குக் காலையில் பாய்வள்ளத்தில் போய், மாலையில் திரும்பி வருகிறோம். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை, காற்று ஒத்துவருகிற சனி ஞாயிறுகளில் இது நடக்கும். வள்ளம் சித்தப்பாவுடையது. சுக்கான் அவர் கையில், பாய்க் கயிறு என் கையில். கூட வர விரும்பும் சொந்தக்காரரும் நண்பர்களும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதி பாதியாகச் சொல்வதைவிட, முழுவதையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

இது கடலா, ஏரியா?

பள்ளிப் புத்தகத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரி. ஊரில் பரவைக்கடல் என்போம், களக்கடல் என்போம். வடக்கே குடாநாடு, தெற்கே வன்னிப் பெருநிலம், நடுவில் இந்த உப்புத்தண்ணீர். மேற்கே தீவுகளுக்கிடையால் பாக்குநீரிணைக்குத் திறந்திருக்கிறது. கிழக்கே போகப்போகக் குறுகி ஆனையிறவுத் தாம்போதியில், அதாவது தண்ணீருக்குக் குறுக்கே போட்ட தெருவில், முட்டி நிற்கிறது. தாம்போதிக்கு அப்பால் இருப்பது சுண்டிக்குளம் களப்பு. 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்பு இரண்டும் ஒரே தண்ணீராக இருந்தவை.

ஆழம்தான் இந்தக் கடலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பகுதியில் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அதனால் பெரிய அலை எழும்பாது. ஆனால் காற்று பலத்தால், ஆழமில்லாத தண்ணீரில் குட்டைக் குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற அலை வரும். உடுப்பு முழுக்க நனைந்துவிடும்.

எஞ்சின் போட்டால் சுணங்காமல் போய்விடலாமே, ஏன் பாய்?

போய்விடலாம்தான். எங்கள் வள்ளத்திலும் சின்ன எஞ்சின் ஒன்று பின்னால் தூக்கிக் கட்டியிருக்கிறது. காற்று முற்றாக விழுந்துவிட்டால், அல்லது யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் இறக்குவோம். மற்றபடி தொடுவதில்லை.

எஞ்சினில் போகிறவருக்கு இந்தக் கடல் ஒரு தூரம் மட்டும்தான். பாயில் போகிறவர் அதன் தரையைப் படித்தே ஆகவேண்டும். எங்கே சாதாழை என்கிற கடற்புல் அடர்ந்து கறுப்பாய்க் கிடக்கிறது, எங்கே மணல் வெளுத்துத் தெரிகிறது, எந்த இடத்தில் தண்ணீர் இழுக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். எஞ்சின் சத்தம் இல்லாதபோது மடவை மீன் துள்ளி விழுகிற ஒலி கேட்கும். கால்மைல் தூரத்தில் வலை இழுக்கிறவர் இருமுவதும் கேட்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாய் இழுக்கத் தெரிந்த கைகள் எங்கள் பக்கம் குறைந்துகொண்டே போகின்றன. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை எங்கள் ஆட்களே ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் விட்டார்கள். அது பெருங்கடல் கதை, வன்னிக் களப்பின் கதை வேறு. ஆனாலும் காற்றை வாசிக்கிற அறிவு ஒன்றுதான். சித்தப்பா அதைத் தன் பெரியப்பாவிடம் படித்தார், நான் சித்தப்பாவிடம் படிக்கிறேன். என்னிடம் படிக்க யாராவது வரவேண்டும் என்பது என் ஆசை.

எப்படிப்பட்ட வள்ளம்?

17 அடிக் கண்ணாடியிழை வள்ளம். மீன்பிடிக்கு விற்கிற சாதாரண வகைதான். சவுக்கில் பாய்மரம். பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் குறுக்குத்தடிக்குப் பருமல் என்று பெயர், அது மூங்கில். பாயைச் சித்தப்பா தடித்த துணியில் தானே வெட்டித் தைத்தார். அதில் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறது. இரண்டு தண்டு, ஊன்றித் தள்ள ஒரு நீளச் சவள், சின்ன நங்கூரம், தண்ணீர் இறைக்க வெட்டிய பிளாஸ்டிக் கான். எங்கள் இருவரோடு மூன்று பேர் ஏறலாம். நாலாவது ஆளைக் கேட்காதீர்கள்.

வள்ளத்தின் இரு பக்கமும் தொங்குகிற பலகைகளைத்தான் எல்லாரும் என்னவென்று கேட்பார்கள். அதை அடுத்த கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

காற்று எதிரே அடித்தால் வள்ளம் எப்படி முன்னுக்குப் போகும்?

நேர் எதிரே போகாது. காற்று வரும் திசைக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் போகும். பாய் அப்போது காற்றைப் பிடித்துத் தள்ளப்படுகிற பை மாதிரி வேலை செய்வதில்லை, பறவையின் சிறகு மாதிரி வேலை செய்கிறது. வளைந்த பாயின் இரு பக்கத்தாலும் காற்று ஓடுகிறபோது அது வள்ளத்தைக் கொஞ்சம் முன்னாலும் நிறையப் பக்கத்துக்கும் இழுக்கும். பக்கத்துக்குப் போவதைத் தடுத்துவிட்டால் மிச்சம் முன்னால் போவதுதான். அந்தத் தடுப்பு வேலையைத்தான் பக்கப்பலகை செய்கிறது. காற்று அடிக்காத பக்கத்துப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவோம். மற்றது மேலே இருக்கும். வள்ளத்தைத் திருப்பும்போது பலகையையும் மாற்றுவோம். தரையில் தட்டினால் அது தானாக மேலே மடங்கும். ஆழமில்லாத இந்தத் தண்ணீருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இப்படி இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஏறும்போது தூரம் கூடும். நேர்கோட்டில் 10 கிலோமீற்றர் என்றால் ஓட்டம் 14 ஆகிவிடும். வேகம் மணிக்கு 6, 7 கிலோமீற்றர். ஆறுதலாகச் சைக்கிள் மிதிப்பவர்கூட நம்மை முந்திவிடுவார்.

கயிறு கையில் இருந்தால் பாய் என்ன நினைக்கிறது என்று தெரியும். அதிகம் இழுத்தால் வள்ளம் சாய்ந்து மந்தமாகும். அதிகம் விட்டால் பாயின் முன்விளிம்பு படபடவென்று அடிக்கும். படபடப்பு நிற்கிற அந்த ஒரு சாண் கயிறுதான் சரியான இடம். அதில் பிடித்து வைத்திருக்கும்போது கயிறு உள்ளங்கையில் மெல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பு பிடிபட்ட பிறகு பாயைப் பார்க்கவே தேவையில்லை.

எந்த மாதம் வரலாம்?

மாசி. அதற்கு அடுத்தபடி தையின் கடைசியும் பங்குனியும்.

காரணம் இதுதான். வாடைக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வந்து மார்கழியில் உரத்து அடிக்கும். புயல்களும் அந்த மாதங்களில்தான். மாசி ஆகும்போது வாடை தணிந்து, மழை விட்டு, வடகிழக்கிலிருந்து சீராக வீசும். கிளாலி எங்களுக்குக் கிழக்கே சற்று வடக்காக இருப்பதால் காலையில் தெம்பாக இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்த மாலையில் காற்று தள்ள வீடு வரலாம். பாயோட்டத்தில் இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. போகும்போது சுகமாகப் போய்விட்டு வரும்போது மாட்டிக்கொண்டவர்களின் கதை இந்தக் கரை முழுக்க உண்டு. மாரி மழையில் கூடின தண்ணீரும் மாசியில் இன்னும் நிற்கும். அதனால் உள்பக்கம் ஓட ஆழம் கிடைக்கும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து நாள் முழுக்க ஒரே பலமாக அடிக்கும். கிளாலிக்குப் பறந்து போய்விடலாம், திரும்பி வருவது பெரும்பாடு. அதோடு வெயிலில் களப்பு வற்றி, ஆனையிறவுப் பக்கம் வெறும் சேறும் உப்புமாகிவிடும். ஆனையிறவில் உப்பளம் இருப்பது சும்மா இல்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஆடி, ஆவணியில்தான் விடுமுறை என்பது தெரியும். அந்த மாதங்களில் வந்தால் கரையோரம் ஒரு மணித்தியாலம் ஓட்டிக் காட்டலாம், கிளாலிக்குப் போக மாட்டோம்.

அந்த நாள் எப்படிப் போகும்?

ஆறு மணிக்குச் சாமான் ஏற்றத் தொடங்குவோம். பாலத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்துதான் புறப்படுவது. பாய்மரத்தோடு பாலத்துக்குக் கீழே நுழைவதில்லை. இந்தச் சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதம் திறந்தது, நீளம் 288 மீற்றர். அதற்கு முன் இங்கிருந்து எதிர்க்கரைக் கேரதீவுக்குப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான் ஓடியது. பாலத்துக்காகக் கடலின் இரு பக்கமும் தெருப்போட்டு ஒடுக்கியிருப்பதால் வற்றும் பெருக்கும் அந்த இடைவெளியால்தான் ஓடவேண்டும், இழுவை பலம். எங்கள் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் இரண்டடிகூட மாறாது. ஆனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் ஓரடி என்பது பெரிய கணக்கு. பறுவமும் அமாவாசையும் ஒட்டிய நாட்களில் இழுவை இன்னும் கூடும். ஆகவே முதல் கால்மணித்தியாலம் தண்டு வலித்து, பாலத்தைவிட்டு நன்றாக விலகிய பிறகே பாய் ஏறும்.

ஏழு மணிக்குக் காற்று மெல்லியது. தண்ணீர் எண்ணெய் பூசினமாதிரிக் கிடக்கும். இரவு வலை போட்டவர்கள் கரைக்குத் திரும்புகிற நேரம். "எங்கை, கிளாலிக்கோ? பாய் இழுத்தோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சித்தப்பா ஒவ்வொருவரிடமும் அவர்கள் வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வார்.

எட்டரை, ஒன்பதுக்கு வாடை எழும்பும். அதை முகத்தில் உணர்வதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். தூரத்தில் தண்ணீர் கருநீலமாகக் கறுத்து, அந்தக் கறுப்பு நம்மை நோக்கி நகர்ந்து வரும். அது வந்து பாயில் பட்டதும் வள்ளம் ஒரு பக்கம் சாயும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அந்த நிமிடம் எதையாவது இறுக்கிப் பிடிப்பார்கள். பிடியுங்கள், அதில் பிழையில்லை. பிறகு சித்தப்பா உங்களை மேற்பக்க விளிம்புக்கு நகரச் சொல்வார். உங்கள் பாரமே வள்ளத்தை நிமிர்த்துவதைப் பார்த்தபின் பயம் பாதி போய்விடும்.

கிழக்கே கிளாலிக்கும் அப்பால், பளைப் பக்கத்துக் கரையில் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014இல் சுழலத் தொடங்கியவை. மின்சாரத்துக்காக நட்டவை எங்களுக்குத் திசைகாட்டியாகவும் இருக்கின்றன. காற்றாலையின் முகம் எப்போதும் காற்று வருகிற பக்கம் திரும்பியிருக்கும். அங்கே முகம் திரும்பினால் இங்கேயும் கொஞ்ச நேரத்தில் காற்று மாறும் என்று சித்தப்பா சொல்வார். பலமுறை அப்படியே நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பத்தரை, பதினொன்றுக்குக் கிளாலிக் கரை. புனித யாகப்பர் கோயிலுக்குப் போகலாம். ஆடி மாதம் 25இல் யாகப்பர் திருநாள், அப்போது கரை நிறையச் சனம் நிற்கும். மாசியில் அமைதியாக இருக்கும். சாப்பிட்டு, மரநிழலில் படுத்து, ஒன்றரைக்குத் திரும்புவோம்.

திரும்பும் ஓட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காற்று முதுகில், பாய் முழுக்கத் திறந்து, வள்ளம் சாயாமல் ஓடும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மூன்றரை, நாலுக்குள் சங்குப்பிட்டி.

ஆழம் குறைவென்றால் தரை தட்டாதா?

தட்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவையாவது தட்டும். சேறும் மணலும்தான், பாறை இல்லாத வழியாகத்தான் போவது. பாயைத் தளர்த்திவிட்டு, சவளை ஊன்றித் தள்ளினால் வள்ளம் மிதக்கும். மிதக்காவிட்டால் இருவர் இறங்கித் தள்ளவேண்டும். செருப்போடு இறங்குங்கள். சேற்றில் மட்டிச் சிப்பி கத்தி மாதிரி நிற்கும், திருக்கையும் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி உரசி நடந்தால் திருக்கை தானாக விலகிப் போய்விடும்.

வலைகளில் மாட்டாதா?

இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. தரை தட்டினால் நமக்குத்தான் சுணக்கம். வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு போகும்.

களப்பில் தடி நட்டுக் கட்டும் சிறகுவலைகளும் களங்கட்டி வலைகளும் நிறைய. மீனும் இறாலும் தண்ணீரோட்டத்தோடு வந்து, வலைச் சுவரோரமாகவே போய், கடைசியில் உள்ள அறைக்குள் விழும்படி கட்டியிருப்பார்கள். தடிகள் தண்ணீருக்கு மேல் தெரியும். தடிமேல் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறதைக் கண்டால் அங்கே வலை உண்டு என்று விலகுவோம். நண்டு வலைகளுக்குத் தடி கிடையாது, மிதக்கிற போத்தலோ றெஜிபோம் துண்டோ மட்டும் இருக்கும். எதிர்வெயிலில் அதைக் காண்பது கடினம். அதற்காக அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், எப்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வருகிறவருக்குத்தான் கிடைக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் நான் கயிற்றில் கவனம் வைத்து முன்னால் பார்க்காமல் விட்டதில், பக்கப்பலகை ஒரு சிறகுவலையில் ஏறி இரண்டு பாகம் கிழிந்துவிட்டது. அன்றே வலைக்காரரைத் தேடிப்போய் சொன்னோம். அவர் திட்டவில்லை. காசையும் முதலில் வாங்கவில்லை. "தம்பி, சொல்ல வந்தியே, அது போதும்" என்றார். சித்தப்பா அடுத்த இரண்டு நாள் அவரோடு இருந்து வலை பொத்திக் கொடுத்தார். அதன்பிறகு நான் பாயைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மேற்கே கௌதாரிமுனைப் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தடை கடலட்டைப் பண்ணைகள். கரையை ஒட்டி வேலிபோட்ட மாதிரி அடைத்திருக்கிறார்கள். அதில் வேலை செய்து பிழைக்கிற சனமும் உண்டு, மீன் வருகிற வழி அடைபட்டுப்போனது என்று குமுறுகிற சனமும் உண்டு. நாங்கள் கிழக்கே ஓடுவதால் அந்த வேலிகளுக்குள் போவதில்லை.

நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். உயிர்காப்பு அங்கி போடாமல் யாரும் ஏற முடியாது, சித்தப்பா உட்பட. ஆழம் குறைவு என்பதால் போடத் தேவையில்லை என்று வாதாடாதீர்கள். சேற்றில் கால் புதைந்தவருக்கு இடுப்பளவு தண்ணீரும் ஆபத்துத்தான்.

புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்ப்போம். பலத்த காற்று என்று இருந்தால், நீங்கள் கனடாவிலிருந்து வந்திருந்தாலும் அன்றைக்குப் பயணம் இல்லை. தொலைபேசிகள் எல்லாம் இறுக்கி மூடிய வாளிக்குள் போகும். கரையில் ஒருவருக்குப் புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் சொல்லியிருப்போம். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இவை எல்லார் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

கடலைவிடக் கரையில்தான் எனக்குப் பயம். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று போன கோடு பல வருடம் போர் முன்னரங்காகக் கிடந்தது. அந்தப் பகுதியில் மிதிவெடி அகற்றுகிற வேலை போர் முடிந்தும் வருடக்கணக்கில் தொடர்ந்தது. ஆகவே சனம் புழங்கும் இறங்குதுறையில் மட்டும் இறங்குவோம், சனம் நடக்கும் பாதையில் மட்டும் நடப்போம். படம் எடுக்க, ஒதுங்க என்று பற்றைக்குள் போகக் கூடாது. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். பிள்ளைகளுக்கு இதை வள்ளத்தில் ஏறமுன்பே சொல்லிவிடுங்கள்.

கடல் மயக்கம் வருமா?

அரிது. வந்தால் தூரத்துக் கரையைப் பாருங்கள், தொலைபேசியைப் பார்க்காதீர்கள். இஞ்சி கொண்டு வருவோம்.

சாப்பாடு?

காலையில் பிளாஸ்கில் தேத்தண்ணீர், பனங்கட்டிக் கடியோடு. மதியத்துக்குச் சித்தி கட்டித் தருகிற சோறு. வாழையிலையில் சுற்றி, மேலே கடதாசி சுற்றி வரும். கத்தரிக்காய்ப் பால்கறி, நண்டுப் பிரட்டல், பொரித்த மிளகாய். மூன்று மணித்தியாலம் வெயிலில் இருந்த இலையைப் பிரிக்கும்போது வருகிற மணத்துக்காகவே நான் இந்தப் பயணம் போவேன். மாசியில் பனங்கிழங்கு கிடைக்கும், அவித்து ஒரு பை கொண்டு போவோம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். சுற்றிவர உப்புத்தண்ணீர், மேலே வெயில். இது கூடுதலான அளவு என்று நினைக்காதீர்கள். போத்தலையும் பையையும் கரைக்குத் திரும்பக் கொண்டு வரவேண்டும்.

பறவைகள் பார்க்கலாமா?

மாசியில் நிறைய. வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கும். கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறக்கும், ஆலாக்கள் தண்ணீரில் குத்திட்டு விழும். பூநாரைகள் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்கும் நாளில் தூரத்தில் தண்ணீரோடு ஒட்டி ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நோக்கி வள்ளத்தைத் திருப்பச் சொல்லிப் பலர் கேட்பார்கள். திருப்ப மாட்டோம். பறந்து காட்டவேண்டும் என்பதற்காக அவற்றைக் கலைத்தால், வெகுதூரம் வந்து மேய்ந்து சேர்த்த பலம் வீணாகும். தூரத்தைப் பார்க்கும் கண்ணாடி இருந்தால் கொண்டு வாருங்கள்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

வள்ளத்தின் பதிவுப் பத்திரம் கூடவே இருக்கும். இரு கரையிலும் உள்ள கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். நீங்கள் அடையாள அட்டை கொண்டு வாருங்கள், வெளிநாட்டுக் குடியுரிமை என்றால் கடவுச்சீட்டு. யாராவது மறித்துக் கேட்டால் காட்டிவிட்டுப் போகலாம். டிரோன் கொண்டு வரவேண்டாம்.

ஏன் கிளாலி? வேறு இடம் இல்லையா?

வேறு அழகான கரைகள் வன்னியில் இருக்கின்றன. கொக்கிளாய், நாயாறு, மேற்கே மண்ணித்தலையில் இடிந்து நிற்கிற பழைய சிவன் கோயிலடி என்று பல. கிளாலியை நாங்கள் தேர்ந்ததற்குக் காற்றும் தூரமும் ஒரு காரணம். மற்றது எங்கள் வீட்டுக் காரணம்.

1990களின் முதல் பாதியில் ஆனையிறவுத் தெருவும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டபோது, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே சனத்துக்கு மிஞ்சியிருந்தது இந்தத் தண்ணீர்தான். எஞ்சின் போட்ட ஒரு படகு முன்னால் போக, வள்ளங்களைக் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுத்துப் போவார்கள். போவது இரவில். வெளிச்சம் காட்டக் கூடாது. சுடுபட்டும் வெட்டுப்பட்டும் கரை சேராமல் போனவர்கள் பலர். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு, அடுத்த வருடத் தொடக்கத்தில் எங்கள் குடும்பமும் இப்படித்தான் வன்னிக்கு வந்தது. எனக்கு ஆறு வயது. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததும், ஒருவர் பால்மாப் பேணியால் இறைத்துக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. நான் கையை வெளியே விட்டுத் தண்ணீரைத் தொடப்போனேன். அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் சேலைக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். கரை வரும்வரை விடவில்லை.

அந்தத் தண்ணீரைப் பகலில், சத்தமில்லாமல், நமக்குப் பிடித்த நேரத்துக்குக் கடக்க முடிவது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இது முதலில் விளையாடின கடலாக, நீந்தின கடலாக, காற்றைப் படித்த கடலாகத் தெரியவேண்டும். இரவுக் கதையையும் அவர்கள் கேட்கட்டும், மறைக்கச் சொல்லவில்லை. இரண்டும் அவர்களுக்குச் சேரவேண்டியவை.

நந்திக்கடலில் போவதுண்டா?

இல்லை. 2009இல், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் அந்தக் கரையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அங்கே உறவுகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே தொழில் செய்கிறவர்கள் செய்யட்டும், அது அவர்கள் கடல். உல்லாசமாகப் பாய் விரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும்போது கரையில் நின்று பார்த்துவிட்டு வருவோம்.

வயதானவர்கள், பிள்ளைகள் வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் வரலாம். முதியவர்களுக்கு வயது எல்லை இல்லை, ஆனால் வள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க முடியவேண்டும். நடுப்பலகையில் தலையணை போட்டு இடம் கொடுப்போம்.

அம்மா முதல் நான்கு வருடம் வர மறுத்தார். போன மாசியில் வந்தார், 71 வயதில். போகும்போது ஒரு சொல் பேசவில்லை. திரும்பி வரும்போது, காற்று பின்னால் நின்று வள்ளம் சாயாமல் ஓடிக்கொண்டிருக்க, பக்கவாட்டில் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். விரலிடுக்கால் தண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு "சூடாய்த்தான் கிடக்கு" என்றார். சித்தப்பா வேகத்தைக் குறைக்கச் சொல்லி எனக்குக் கண்காட்டினார். நான் கயிற்றைக் கொஞ்சம் விட்டேன்.

எவ்வளவு காசு?

கட்டணம் இல்லை. சாப்பாட்டுச் செலவைப் பங்கு போடுவோம். மேலதிகமாகத் தர விரும்பினால் பாய்த்துணிக்கும் கயிற்றுக்கும் வைத்துக்கொள்வோம்.

எங்கே, எத்தனை மணிக்கு வரவேண்டும்?

காலை 5.45க்கு, சங்குப்பிட்டிப் பாலத்தின் பூநகரிப் பக்கம். கிளிநொச்சியிலிருந்து என்றால் பரந்தனுக்கு வந்து பூநகரித் தெருவால் வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து என்றால் நாவற்குழியில் திரும்பிக் கேரதீவால் நேரே. முதல்நாளே வந்தால் பூநகரிக் கோட்டையைப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்த சின்னச் சதுரக் கோட்டை அது. நீளக்கைச் சட்டை, தொப்பி, மாற்றுடுப்பு கொண்டு வாருங்கள். சப்பாத்து வேண்டாம், பின்வார் உள்ள செருப்புப் போதும். ஏறுமுன் முழங்கால் தண்ணீரில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டியிருக்கும்.